கண்ணுக்கு எதற்கு கேன்சர் மருந்து?

"அப்பாவுக்கு கேன்சரா டாக்டர், எங்ககிட்ட மறைக்கிறீங்களா?" என்று ஒரு மகனோ மகளோ தனியாக வந்து கேட்காத மாதம் இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப்போன அப்பாவுக்குக் கண்ணில் போட வேண்டிய ஊசியை பெவசிசுமாப் என்று சீட்டில் எழுதியிருப்போம். அவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் அந்தப் பெயரைத் தட்டியிருப்பார்கள், எடுத்த எடுப்பிலேயே குடல் புற்றுநோய் மருந்து என்று வந்திருக்கும். மறைக்க எதுவும் இல்லை. அது கேன்சர் மருந்துதான், அப்பாவுக்குக் கேன்சர் இல்லை. ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே இதை இரண்டு நிமிடத்தில் புரியவைக்க முடிவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வளர்ந்தவர்கள் உடம்பில் புது ரத்தக்குழாய் சுலபத்தில் முளைக்காது. குழாயின் உட்சுவராக இருக்கும் எண்டோதீலியல் செல்கள் ஆண்டுக்கணக்கில் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் சும்மா கிடக்கும். காயம் ஆறும்போது, கர்ப்பத்தின்போது என்று சில நேரங்களில்தான் அவை விழித்துக்கொள்ளும். எழுப்பிவிடுவது யார் என்று தேடியதுதான் பெரிய கதை. 1948ல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், ஆக்சிஜன் போதாத விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிவந்து குழாய்களை வளர்க்கிறது என்று ஊகித்தார். 1971ல் ஜூடா ஃபோக்மேன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவர், கேன்சர் கட்டியும் அப்படி ஒரு பொருளை அனுப்பித்தான் தனக்கு ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி வளராது என்று எழுதினார். பல பேர் நம்பவில்லை. 1983ல் ஹெரால்ட் டிவோராக்கின் குழு கட்டிகளிலிருந்து ரத்தக்குழாயைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டது. 1989ல் நெப்போலியோன் ஃபெராரா குழாய் செல்களைப் பெருகவைக்கும் ஒரு புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ரத்தக்குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி என்ற அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் வெஜ்எஃப் (VEGF). 1994ல் சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள்ளிருந்து எடுத்த திரவத்திலும் அது எக்கச்சக்கமாக இருப்பது தெரியவந்தது. கேன்சர்காரர்களும் கண்காரர்களும் வேறு வேறு வாசலில் நின்று ஒரே ஆளைத் தேடியிருக்கிறார்கள்.

சரி, அப்பாவின் கண்ணுக்கு வருவோம். பல ஆண்டுகள் சர்க்கரை ஏறி இறங்கியதில் விழித்திரையின் நுண்குழாய்கள் அங்கங்கே அடைபட்டுப்போகின்றன. விழித்திரை ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிக்கும் திசு, அது இல்லாமல் தாங்காது. செல்லுக்குள் ஹிஃப் (HIF) என்று ஒரு புரதம் உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை செல் அதை உண்டாக்கிய கையோடு அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அழிக்கும் வேலை நின்றுபோகும், ஹிஃப் சேர்ந்து உட்கருவுக்குள் போய் வெஜ்எஃப் மரபணுவை முடுக்கிவிடும். (இதைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2019ல் மருத்துவ நோபல்.) வெளியே வந்த வெஜ்எஃப், பக்கத்துக் குழாய்ச் செல்லின் மேல் செய்தி வாங்க இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். அதிலிருந்து செல்லுக்குள் வரிசையாகக் கட்டளைகள் போகும்: பிரி, நகரு, பக்கத்துச் செல்லோடு இருக்கும் பிடியைத் தளர்த்து. பிடி தளர்ந்தால் குழாய் கசியும், பார்வையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்ளும். செல்கள் பிரிந்து நகர்ந்தால் புதுக் குழாய். ஆனால் ஏரி வற்றிய ஊரில் ஆளுக்கொரு போர் போடுகிற மாதிரி, வேண்டிய இடத்துக்கு ரத்தம் போய்ச் சேராமல் கண்டபடி முளைக்கும் குழாய்கள் இவை. சுவரும் பலவீனம், ஒரு இருமலில்கூட உடையலாம். ரத்தம் கண்ணுக்குள் சிந்தியதும் "சூடு ஏறிடுச்சு" என்று விளக்கெண்ணெயைத் தேடுகிறோம்.

பெவசிசுமாப் வெஜ்எஃபைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏற்பிக்குப் போகவிடாது. 2004ல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது, மறு ஆண்டே கண்ணில் போட ஆரம்பித்துவிட்டார்கள். குடல் கேன்சருக்கு எடைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம் நரம்பில் ஏறும். கண்ணுக்கு 1.25 மில்லிகிராம்தான். முடி கொட்டாது, வாந்தி வராது. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், கர்ப்பமாக இருந்தால், கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

என் பெரிய கவலை ஊசிக்கு அப்புறம் நடப்பது. "இன்னா சார், கண்ணுக்குள்ளயே ஊசியா" என்று நடுங்கியவர், மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுச் சில விநாடிகளில் முடிந்ததும் அசந்துபோவார். மாதம் திரும்புவதற்குள் நீர் வற்றிப் பார்வை தெளியும். ஆம்பூரில் ஷூவுக்குத் தையல் போடுகிறவருக்குத் தையல் மறுபடி தெரியும், குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அம்மாவால் நூல் கட்ட முடியும். அதோடு வருவதை நிறுத்திவிடுவார்கள். ஊசி அடைப்பது புதுக் குழாயைக் கூப்பிடும் வெஜ்எஃபின் அழைப்பை மட்டும்தான், குழாய் அடைப்பு அப்படியே இருக்கிறது, விழித்திரை இன்னும் பட்டினியாகத்தான் இருக்கிறது. மருந்து சில வாரங்களில் தீர்ந்ததும் வெஜ்எஃப் மறுபடி ஏறும். ஆறேழு மாதம் கழித்து வரும்போது, புதுக் குழாய்களோடு வளர்ந்த தழும்பு சுருங்கி விழித்திரையைப் பிய்த்து இழுத்திருக்கும். அப்புறம் அறுவைச் சிகிச்சைதான், அதிலும் எவ்வளவு பார்வை மீளும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் புதுக் குழாய் முளைத்துவிட்ட கண்ணுக்கு லேசரையும் சொல்கிறேன். லேசர் பழசு, ஊசி புதுசு, ஏன் பழசைச் செய்கிறீர்கள் என்று படித்த பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். லேசர், ஓரத்து விழித்திரையில் பட்டினி கிடக்கும் செல்களில் ஒரு பகுதியைச் சுட்டுவிடுகிறது, ஆக்சிஜன் தேவையே குறைகிறது, அழைப்பும் அடங்குகிறது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், உண்மை. ஆனால் அதன் பலன் நிலைக்கும். தவறாமல் வரக்கூடியவருக்கு ஊசி மட்டும் போதும் என்று விடலாம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மாதிரி ஊர்களிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வரவேண்டியவருக்கு, வராமல் போனாலும் காக்கும் வைத்தியம் எதுவோ அதைத்தான் முதலில் யோசிப்பேன்.

வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து ஒரு ராத்திரிக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், வேலூர்க் கடைத்தெருவில் பலகைகளே வங்காள மொழியில் இருக்கின்றன. இங்கேயே இருக்கும் நாம் "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று பத்து வருடம் தள்ளிப்போடுகிறோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். அது வருகிறதே என்று கண்ணைக் காட்டாமல் இருந்துவிடுவதுதான் சிக்கல், ஏனென்றால் குழாய் முளைத்து உடைகிற நாள்வரை பார்வை முழுசாகக்கூட இருக்கும். களிதான் சாப்பிடுகிறேன் என்பதும் கணக்கில் சேராது, ராகியும் சர்க்கரையை ஏற்றும். மூன்று மாதச் சர்க்கரை அளவில் (HbA1c) ஒரு சதவீதம் குறைந்தாலே கண், சிறுநீரக நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்ததை இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அதைவிடச் சிக்கனமான வெஜ்எஃப் வைத்தியம் எனக்குத் தெரியாது.

வயது வந்தபின் வரும் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் பதிலாகாது. சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும், பைக்கில் வராதீர்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு: கண் லேசாக உறுத்தும், வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு இருக்கலாம், அதெல்லாம் தானாகப் போய்விடும். அடுத்த சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று. ஆனால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும், நள்ளிரவானாலும் கிளம்பி வாருங்கள்.