பாய்லரை மாற்றுவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

முன்பு சோவியத் யூனியனில் இருந்த லிதுவேனியாவில், அடுக்குமாடிக் கட்டடங்களில் வெப்பம் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எரிசக்தித் தணிக்கை செய்வது என் வேலை. குளிர்காலத்தில் ஒரு பழைய கட்டடத்துக்குப் போனால், உள்ளே நுழைவதற்கு முன் வெளியே நின்று ஜன்னல்களைப் பார்ப்பேன். மைனஸ் பத்து டிகிரிக் குளிரிலும் சில வீடுகளில் ஜன்னல் திறந்திருக்கும். அதே கட்டடத்தின் ஓர வீட்டில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் சதுர மீட்டர் கணக்கில் ஒரே கட்டணம்.

இதைப் பார்த்துவிட்டு "இந்த ஊர்க்காரர்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்று சொல்பவர்கள் உண்டு. அது அநியாயம். ஜன்னலைத் திறப்பவருக்கு வேறு வழியில்லை. அவர் வீட்டு ரேடியேட்டரில், அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவியில், மூடுவதற்கு வால்வே கிடையாது. இருந்து மூடினாலும் கட்டணம் ஒரு சென்ட்கூடக் குறையாது. முன்னாள் கம்யூனிச நாடுகளில் எரிசக்திச் சிக்கனம் என்று பேசுகிற யாரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1955 நவம்பரில் கட்டடங்களில் வீண் அலங்காரங்களை ஒழிக்கச் சொல்லி சோவியத் அரசு ஆணை பிறப்பித்தது. அதன் பிறகு தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து பொருத்தி, ஐந்து மாடிக் குடியிருப்புகளை வேகவேகமாக எழுப்பினார்கள். ஒரே அறையில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில், கோடிக்கணக்கானவர்களுக்குத் தனிக் குளியலறையும் சமையலறையும் கிடைத்தது இப்படித்தான். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எரிபொருள் சல்லிசாகக் கிடைத்ததால் வெப்பத்தை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய கொதிகலன் நிலையம், அங்கிருந்து பூமிக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாக வெந்நீர். வீட்டுக்கு மீட்டர் இல்லை. கான்கிரீட் பலகைச் சுவர் வழியே வெளியேறும் வெப்பம், இன்றைய முறையில் வெப்பம் போகாதபடி காப்பிட்ட சுவரைவிட ஐந்தாறு மடங்கு. வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் பார்த்தால் பலகைகள் சேரும் இணைப்புகளும் ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள சுவரும் பளீரென்று மஞ்சளாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய வெப்பம் தெருவுக்குப் போகும் வழி அதுதான்.

அடித்தளத்துக்கு இறங்கினால் மீதிக் கதை புரியும். இன்னும் புதுப்பிக்கப்படாத கட்டடங்களில், ஊர்க் குழாயில் வரும் கொதிநீரையும் வீடுகளைச் சுற்றித் திரும்பும் நீரையும் கலந்து மேலே அனுப்ப ஒரு இரும்புக் குழல் இருக்கிறது. மோட்டார், உணரி எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் துளையின் அளவுதான் கலவை விகிதத்தைத் தீர்மானிக்கிறது. கரண்ட் போனாலும் ஓடும் என்பது இதன் பெருமை. ஆனால் மார்ச் மாதம் வெயில் அடித்து வெளியே பத்து டிகிரி வந்தாலும் இது சுதாரித்துக்கொள்ளாது. அங்கிருந்து செங்குத்தாகப் போகும் ஒரே குழாயில் ஒவ்வொரு மாடியின் ரேடியேட்டரும் மாலையில் பூப்போல வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். முதல் வீட்டைத் தாண்டும்போது தண்ணீரின் சூடு கொஞ்சம் குறையும், அடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம். கடைசி வீட்டுக்காரர் புகார் செய்தால் பராமரிப்பாளர் மொத்தச் சூட்டையும் ஏற்றிவிடுவார். கடைசி வீடு இருபது டிகிரிக்கு வருவதற்குள் முதல் வீடு இருபத்தாறைத் தொட்டுவிடும். பிறகு ஜன்னல் திறக்காமல் என்ன செய்வார்கள்?

அந்தக் குழலை எடுத்துவிட்டு ஊர்க் குழாய் நீரின் வெப்பத்தைக் கட்டடத்து நீருக்குக் கலக்காமல் மாற்றும் ஒரு தகட்டு வெப்பப் பரிமாற்றி, சிறு பம்ப், வடக்குச் சுவரில் ஒரு வெப்பநிலை உணரி, அதைப் படித்துச் சூட்டை மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றை வைக்கலாம். ஒவ்வொரு செங்குத்துக் குழாயிலும் தண்ணீரைச் சரியாகப் பங்கிடச் சமன்படுத்தும் வால்வு, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் அறை போதுமான அளவு சூடானதும் தானே மூடும் தெர்மோஸ்டாட், உபயோகத்தைப் பதிவு செய்யும் சிறு கருவி. சுவரைத் தொடாமல் இதை மட்டும் செய்தாலே ஜன்னல்கள் மூடிக்கொள்கின்றன. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ரிப்பன் வெட்டுவதற்கும் இதில் எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, அரசியல்வாதிகள் முதலில் பேசுவது புதிய பாய்லரைப் பற்றித்தான்.

பொறியியலைவிடக் கடினமானது குடியிருப்போர் கூட்டம். 1990-களின் தொடக்கத்தில் இந்த வீடுகள் குடியிருந்தவர்களுக்கே மிகக் குறைந்த விலைக்குத் தரப்பட்டன. வீட்டுக்குள் இருப்பது அவரவர் சொத்து. கூரை, வெளிச்சுவர், அடித்தளக் குழாய்கள் எல்லோருக்கும் பொது, அதாவது யாரும் பொறுப்பில்லை. கட்டடத்தைப் புதுப்பிக்கக் கடன் வாங்குவது பற்றிப் பேசக் கூடிய ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, எனக்கு 78 வயசு. இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். யார் அடைப்பது?"

இந்தக் கேள்விக்கு லிதுவேனியாவிடம் ஒரு பதில் இருக்கிறது. இங்கே பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் 35,000 அளவில் உள்ளன. புதுப்பிக்கும் திட்டம் முதலில் பல ஆண்டுகள் நகரவே இல்லை. 2013-ல் முறையை மாற்றினார்கள். கடனை வீட்டுக்காரர் வாங்குவதில்லை, நகராட்சி நியமிக்கும் நிர்வாகி வாங்குகிறார். பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டால் போதும். ஹீட்டிங் மானியம் பெறும் ஏழைக் குடும்பங்களின் கடன் தவணையை அரசே கட்டுகிறது. "உங்கள் பங்கை அரசு கட்டும் பாட்டி" என்று எழுத்தில் காட்ட முடிந்த பிறகுதான் அந்தக் கூட்டத்தில் பேச்சே நடந்தது. மானியம் வாங்கிக்கொண்டே திட்டத்தை எதிர்த்தால் மானியம் குறையும் என்ற விதியும் உண்டு. அது கொஞ்சம் கடுமை என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது, ஆனால் வேலை நடந்தது. பல்கேரியா 2015-ல் வேறு வழி எடுத்தது. முழுச் செலவும் அரசுடையது, வீட்டுக்காரர் எதுவும் போட வேண்டாம். கூட்டங்கள் சுலபமாக முடிந்தன, பணமும் சீக்கிரம் தீர்ந்தது. புதுப்பிக்கப்பட்டவை மொத்தக் கட்டடங்களில் ஒரு சிறு பங்குதான்.

இப்போது எரிபொருளுக்கு வரலாம். இக்னாலினா அணு உலை 2009 டிசம்பர் 31-ல் மூடப்பட்ட பிறகு லிதுவேனியா ரஷ்ய எரிவாயுவை இன்னும் அதிகமாக நம்ப வேண்டி வந்தது. அந்த நெருக்கடியில் கொதிகலன் நிலையங்கள் மரச்சில்லுக்கு மாறின. 2000-ம் ஆண்டில் நகர வெப்ப விநியோகத்தில் மரத்தின் பங்கு இரண்டு சதவீதம் அளவே. இன்று மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். மரச்சில்லின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அது நீராவியாகிப் புகையோடு போகும்போது வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். அந்தப் புகையைக் குளிரவைத்து வெப்பத்தை மீட்டால் பாய்லரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் புகையைக் குளிரவைப்பது நகரத்தைச் சுற்றித் திரும்பும் தண்ணீர்தான். அது ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாகவே திரும்பினால் இந்த லாபம் பெரிதும் குறையும். சுவருக்குத் தெர்மாகோலோ ராக்வூல் என்ற பாறைப் பஞ்சோ போர்த்தி, வால்வுகளை வைத்த கட்டடங்களில் பழைய ரேடியேட்டர்கள் தேவைக்கு மேல் பெரியவையாகிவிடுகின்றன. 80 டிகிரி கேட்ட கட்டடம் 50, 55 டிகிரித் தண்ணீரில் கதகதப்பாக இருக்கிறது, திரும்பும் தண்ணீரும் குளிர்ந்து போகிறது. ஒரு பாட்டியின் வீட்டுச் சுவரில் செய்த வேலை, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாய்லரின் செயல்திறனைக் கூட்டுவது இப்படித்தான். ஹங்கேரியின் செகெட் நகரம் 27 ஆழ்துளைக் கிணறுகள் தோண்டிப் பூமிக்கடிச் சுடுநீரைப் பழைய குழாய் வலையில் இணைத்திருக்கிறது. அங்கும் வீடுகள் கேட்கும் சூடு குறையக் குறையத்தான் கிணற்று நீரின் முழுப் பயன் கிடைக்கும்.

மரம் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. மலிவான மரச்சில்லில் ஒரு பங்கு பெலாரஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2022-ல் பெலாரஸ் மீது பொருளாதாரத் தடைகள் வந்தபோது அது நின்று விலை எகிறியது. எரிக்காத மரம்தான் மலிவு.

முதலில் சுவர், பிறகு பாய்லர் என்ற வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதைப் போலந்தில் பார்க்கலாம். அங்கே தனி வீடுகளில் புகை கக்கும் பழைய நிலக்கரி அடுப்புகள் லட்சக்கணக்கில். கிராகோவ் நகரம் 2019 செப்டம்பர் 1 முதல் நிலக்கரி, விறகு இரண்டையுமே தடை செய்தது. நாடு முழுவதற்கும் "தூய காற்று" என்ற மானியத் திட்டம் 2018-ல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் 2022-ல் நிலக்கரி விலை ஏறியதும் விற்பனையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். காப்பு இல்லாத செங்கல் வீடுகளிலும் ஹீட் பம்ப் பொருத்தினார்கள். ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தருவது. 35 டிகிரித் தண்ணீர் போதுமென்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் வெப்பம் தரும். வெளியே உறைபனி, உள்ளே 65 டிகிரி வேண்டுமென்றால் இரண்டை எட்டுவதே பாடு. கரண்ட் பில்லைப் பார்த்துக் குடும்பங்கள் அதிர்ந்தன, ஹீட் பம்ப் என்றாலே ஏமாற்று என்ற பெயரும் வந்தது. குற்றம் கருவி மேல் இல்லை. 2024 நவம்பரில் திட்டத்தை நிறுத்தி, 2025 மார்ச் 31-ல் எரிசக்தித் தணிக்கையைக் கட்டாயமாக்கித் திரும்பத் தொடங்கினார்கள்.

ருமேனியாவின் தவறு வேறு வகை. 1989-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட வெப்பக் குழாய் வலைகள் இருந்தன. பராமரிப்பு இல்லாமல் அவை ஒழுக, வசதியுள்ளவர்கள் இணைப்பைத் துண்டித்துச் சுவரில் தனித்தனி எரிவாயு பாய்லர் மாட்டிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தலையில் குழாய் இழப்பு முழுவதும் விழுந்தது. அவர்களும் விலகினார்கள். பெரும்பாலான வலைகள் இன்று இல்லை. பொதுக் குழாய் இல்லாத ஊரில் பூமிக்கடி வெப்பத்தையோ தொழிற்சாலைக் கழிவு வெப்பத்தையோ எதன் வழியாகக் கொண்டுவருவது?

இதெல்லாம் பணக் கணக்கு மட்டுமில்லை. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய எரிவாயு நின்றபோது, மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியாவில் வீடுகளுக்கான ஹீட்டிங்கும் வெந்நீரும் அன்றே நின்றன. அப்படிப்பட்ட நாளில் காப்பிட்ட வீடு மெதுவாகக் குளிரும், வெறும் கான்கிரீட் வீடு சீக்கிரமே ஆறிப்போகும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்த இடைவெளி உயிர்ப் பிரச்சினை.

இந்த நாடுகளில் படிக்கவும் வேலைக்கும் வந்து வாடகைக்கு வீடு தேடும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகையை மட்டும் கேட்காதீர்கள். போன ஜனவரி மாத ஹீட்டிங் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். புதுப்பிக்காத வீட்டின் குறைந்த வாடகையைக் குளிர்கால பில் தின்றுவிடும். ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். புதுப்பித்த வீடு என்றால் காற்றோட்டம் எப்படி என்று கேளுங்கள். ஜன்னலும் சுவரும் இறுக்கமானபின் காற்று போக வழி செய்யாவிட்டால் மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். எஸ்டோனியா பெரிய மானியத்துக்கு வெப்பம் மீட்கும் காற்றோட்டத்தையும் நிபந்தனையாக வைத்தது இதனால்தான்.

ஜார்ஜியா போல ஊர்க் குழாயில் வரும் மைய வெப்பம் 1990-களிலேயே சிதைந்துபோன நாட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே வீட்டுக்குள்ளேயே எரிவாயு எரிகிறது. குளிர் வருகிறது என்று சமையலறை, குளியலறைக் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள்; காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சேரும். மங்கோலியாவின் உலான்பாத்தரில் 2019 மே மாதம் கச்சா நிலக்கரியைத் தடை செய்து கரிக்கட்டிகளைக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த குளிர்காலத்தில் கார்பன் மோனாக்சைடு விஷத்தால் மரணங்கள் நேர்ந்தன. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றைப் படுக்கையறைக்கு அருகில் மாட்டுங்கள். வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்து அவசர எண்ணை அழையுங்கள் (ஜார்ஜியாவிலும் லிதுவேனியாவிலும் 112).