மகளுக்கு அப்பனின் இறகு

"கறுப்புச் சேவலையும் வரி விழுந்த பெட்டையையும் சேர்த்து அடை வைத்தேன். வந்த குஞ்சுகளில் சேவல்கள் எல்லாம் வரியோடு வளர்ந்தன, பெட்டைகள் ஒன்றுவிடாமல் கறுப்பு. மறுமுறை வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு விட்டேன். இப்போது அத்தனைக்கும் வரி. நிறம் அதே இரண்டுதானே, கணக்கு ஏன் மாறுகிறது?"

கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பதில் தெரிந்தால், பொரித்த அன்றைக்கே சேவல் எது பெட்டை எது என்று கூடையில் பிரித்துவிடலாம்.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். கோழி இறகில் மெலனின் சாயம் இரண்டு வகை. ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பும் மஞ்சளும் தருவது. மற்ற நிறமெல்லாம் இவற்றை எங்கே வைப்பது, எவ்வளவு நீர்க்கச் செய்வது, எங்கே நிறுத்துவது என்பதில் பிறப்பவை. சாம்பல் கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்க்கச் செய்யும் மரபணு ஒன்று இருந்தால் கறுப்பு சாம்பலாகும், இரண்டு இருந்தால் சாயத் தெறிப்புகள் உள்ள வெள்ளையாகும். அதனால் சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால் காலே அரைக்கால் கணக்கெல்லாம் இல்லை, நேராக நாலில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று தெறிப்பு வெள்ளை. எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் சாம்பல் நிலைக்காது. எல்லாமே சாம்பலாக வேண்டுமென்றால் கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் சேர்க்க வேண்டும். பட்டாணிச் செடிக் கணக்கு படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

வரி அந்தக் கணக்குக்குள் அடங்காது. அது பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது.

மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கோழியில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. டபிள்யூ சிறியது, நிற மரபணு எதையும் அது சுமப்பதில்லை. பெட்டைக்குஞ்சு தாயிடமிருந்து டபிள்யூவையும் தந்தையிடமிருந்து இசட்டையும் வாங்குகிறது. ஆகவே இசட்டில் இருக்கும் எந்த நிறத்திலும் மகளுக்குத் தாயின் பங்கு துளியும் இல்லை. மகள் உடுத்துவது அப்பனின் இறகு. தாயின் இசட் போவது மகன்களுக்கு மட்டும். ஒரு இசட்டில் வரி இருந்தாலே இறகில் வரி தெரியும். கறுப்புச் சேவலின் மகள்கள் கறுப்பானதும், வரிப்பெட்டையின் மகன்கள் வரியானதும் இதனால்தான். இரண்டாம் முறை இரண்டு இசட்டிலும் வரி கொண்ட சேவல் தந்தையானது, எல்லாக் குஞ்சுக்கும் வரி போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவின் வில்லியம் ஸ்பில்மன் பிளைமவுத் ராக் என்னும் வரிக்கோழிகளை வைத்து 1908-இல் இந்தப் போக்கை விளக்கினார். இதே போக்கைக் காட்டிய மரபியலாளர் மார்கனின் வெள்ளைக் கண் பழ ஈ புகழ்பெற்றது 1910-இல். பாடப்புத்தகத்தில் ஈக்கு இடம் கிடைத்த அளவுக்குக் கோழிக்குக் கிடைக்காதது எனக்குக் குறையாகவே படுகிறது. வீட்டு முற்றத்தில் மாணவர் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய உதாரணம் கோழிதான்.

இப்போது வரிக்கு வருவோம். இறகு அடியிலிருந்து வளர்வது. முதலில் உருவாவது நுனி, கடைசியில் உருவாவது காம்பு. தோலுக்குள் இருக்கும் குழியின் அடியில் சாயச் செல்களுக்கான மூலச் செல்கள் இருக்கின்றன. அவை பெருகி, மேலே ஏறி, முதிர்ந்து, சாயத் துகள்களை இறகுச் செல்களுக்குள் செலுத்துகின்றன. கறுப்புக் கோழியில் பெருகும் வேகமும் முதிரும் வேகமும் ஒத்துப்போகும், வரத்து நிற்பதே இல்லை. நுனி முதல் அடி வரை ஒரே கறுப்பு.

வரிக்கோழியில் ஒரு மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. சி.டி.கே.என்.2ஏ என்று பெயர். செல் பிரிவதற்குத் தடை போடுவது அதன் தொழில். 2010-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வரிக்குக் காரணமான இடம் இதுதான் என்று காட்டினார்கள். இறகுக் குழியில் தடை பலமாக விழும்போது சாயச் செல்கள் உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடுகின்றன. முதிர்ந்த செல் சாயம் கொட்டும், ஆனால் பெருகாது, தனக்குப் பின் ஆள் வைக்காது. அதனால் ஒரு கறுப்புப் பட்டை விழுந்ததும் கையிருப்பு தீர்ந்துபோகிறது. இறகு வளர்வதோ நிற்காது. சாயமில்லாமல் வளரும் அந்தப் பகுதிதான் வெள்ளைப் பட்டை. அதற்குள் அடியிலிருந்து அடுத்த அணி மூலச் செல்கள் கிளம்பி வருகின்றன. மறுபடி கறுப்பு, மறுபடி வறட்சி. பிடுங்கிய ஒரு வரி இறகை வெளிச்சத்தில் பிடித்து நுனியிலிருந்து எண்ணினால், எத்தனை முறை சாயச் செல்கள் வந்து தீர்ந்தன என்பதை எண்ணிவிடலாம். ஓவியன் யாரும் வேண்டாம், அளவுகோல் வேண்டாம், ஒரு தடை கொஞ்சம் கூடுதலாக அழுத்தப்பட்டால் போதும், ஒழுங்கான வரி தானாக எழுகிறது!

மனிதரில் இதே மரபணு பழுதானால் தடை தளர்ந்து, சாயச் செல்கள் அடங்காமல் பெருகலாம். சில குடும்பங்களில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் பரம்பரையாக வருவதற்கு இது ஒரு காரணம். கோழியில் அழகும் மனிதரில் ஆபத்தும் ஒரே தடையின் இரண்டு எல்லைகள்.

சேவலிடம் இசட் இரண்டு என்பதால் தூய வரி இனத்தில் சேவலுக்குத் தடையும் இரட்டிப்பு. வெள்ளைப் பட்டை அகலமாகி, தூரத்திலிருந்து பார்த்தால் சேவல் வெளிறித் தெரியும், பெட்டை கருத்துத் தெரியும். வரி கூர்மையாக விழுவது இறகு வளரும் வேகத்தையும் பொறுத்தது. மெதுவாக இறகு முளைக்கும் பிளைமவுத் ராக்கில் வரி கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், வேகமாக முளைக்கும் இனங்களில் ஓரம் கலங்கும்.

இதைப் பயன்படுத்துவது எப்படி? வரியில்லாத கறுப்புச் சேவல் ஒன்று, வரிப்பெட்டை எட்டு. ரோட் ஐலண்ட் ரெட் என்னும் சிவப்பு இனத்துச் சேவலும் உதவும். சேர்ப்பதற்கு முன் பெட்டைகளைப் பழைய சேவலிடமிருந்து மூன்று வாரம் பிரித்து வையுங்கள். பெட்டையின் முட்டைக் குழாயில் விந்தணு இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கணக்குப் பொய்த்துவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் வருபவை. புதுச் சேவலை விட்டு ஒரு வாரம் கழித்து முட்டை சேகரிக்கத் தொடங்கலாம். ஏழு நாளுக்கு மேல் பழசான முட்டையை அடை வைக்க வேண்டாம். விசிறியுள்ள பொரிப்பானில் 37.5 டிகிரி செல்சியஸ், 21 நாள்.

குஞ்சு காய்ந்ததும் பின்னந்தலையைப் பாருங்கள். கறுப்பு மயிர்த்தூவியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், பொட்டில்லை என்றால் பெட்டை. பிரித்த கையோடு கால் வளையம் போடுங்கள், அல்லது விரலிடைத் தோலில் துளையிடுங்கள். தலைத் தூவி உதிர்ந்து இறகு முளைத்தபின் பொட்டைத் தேட முடியாது.

தவறுவது எங்கெல்லாம்? சேவல் உடம்பில் நாட்டுக்கோழிக் குஞ்சின் முதுகுக் கோடு தரும் மரபு இருந்தால் தூவியே கோடும் புள்ளியுமாக வரும், பொட்டு கலங்கிவிடும். வெள்ளை லெகார்னைக் கலந்தால் இன்னும் சிக்கல். அதன் வெள்ளை, கறுப்புச் சாயத்தை அடக்கும் ஓங்கு மரபணு, ஒன்று இருந்தாலே வேலை செய்யும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைப் பெட்டையை நாட்டுச் சேவலோடு விட்டால் குஞ்சுகள் அங்கங்கே கறுப்புத் தெறித்த வெள்ளையாக வருவது அதனால்தான். வெள்ளை லெகார்ன் பலவற்றில் அந்த வெள்ளைக்கு அடியில் வரி மரபணுவும் ஒளிந்திருக்கும். பேரக்குஞ்சுகளில் திடீரென்று வரி தோன்றினால் திகைக்க வேண்டாம். எல்லா வரியும் இந்த வரியல்ல என்பதும் நினைவிருக்கட்டும். எகிப்தின் ஃபாயூமியில் இருப்பது வேறு மரபணுக்களால் வரும் வரி, இசட்டோடு தொடர்பில்லாதது, குஞ்சின் தலையில் பொட்டும் வராது.

எல்லாரும் செய்யும் பெரிய தவறு அடுத்த தலைமுறையில் நடக்கிறது. பொட்டுக் குஞ்சுகளையும் கறுப்புக் குஞ்சுகளையும் வளர்த்து அவற்றுக்குள்ளேயே சேர்ப்பார்கள். அந்தச் சேவலிடம் ஒரு இசட்டில்தான் வரி. ஆகவே மகன்களில் பாதிக்கு வரி, மகள்களிலும் பாதிக்கு வரி. பொட்டு இப்போது பாலைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் தூய பெற்றோரிடமே திரும்பிப் போக வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜில் மரபியலாளர் பன்னெட், தங்க நிறக் காம்பைன் இனத்தில் வரியைப் புகுத்தி, தலைமுறைதோறும் குஞ்சிலேயே பால் தெரியும் கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினார். பழுப்பு முட்டைக்கான கலப்பினங்களில் உலகெங்கும் வேலை செய்வதும் இசட்டுதான். தங்க நிறச் சேவல், வெள்ளி நிறப் பெட்டை. மகன்கள் வெளிர் மஞ்சள், மகள்கள் செம்பழுப்பு.

நீளமான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று இன்னும் பொறுக்கி அடை வைக்கிறார்கள். குஞ்சின் பால் முடிவாவது கருப்பையில் ஓடு போர்த்தப்படுவதற்கு முன்பே, தாய் கொடுப்பது இசட்டா டபிள்யூவா என்பதில். ஓட்டின் வடிவத்துக்கு அது எப்படித் தெரியும்? காகம், வல்லூறு, மயில், ஆந்தை, கோழி என்று சேவல்களை நிறத்தால் பிரித்து, சேவல் சண்டையில் எந்த நாளில் எது வெல்லும் என்று சொல்லும் பஞ்சபட்சிக் கணக்கையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கண்ணை மதிக்கிறேன். கழுத்து, முதுகு, கால், கண் என்று நிறத்தை இத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்கள். சிறுவிடை, பெருவிடை என்னும் நாட்டுக்கோழி வகைகளில் எந்தத் தாய் தந்தைக்கு எந்த நிறக் குஞ்சு பிறந்தது என்று பத்து ஆண்டு பதிவுசெய்யும் வேலைக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். முட்டை எண்ணிக்கைக்குச் செலவிடுவதில் சிறு பங்கு போதும். அதைச் செய்ய ஏற்ற ஆட்கள் இந்தப் பழைய வளர்ப்பாளர்கள்தான்.

கடைசியாகக் கருங்கோழி. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத்தில் தோலும் எலும்புறையும் கறுப்பாவது வேறொரு ஓங்கு மரபணுவால். இருபதாம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டித்ததன் விளைவு அது, சில்க்கி கோழியிலும் அதேதான். கறுப்பு இறைச்சி மருந்து என்று விலையேற்றி விற்பதற்கு இந்த மரபணு காரணம் தராது, அது சாயச் செல்களைப் பெருக்குகிறது, அவ்வளவே. முட்டையும் கறுப்பல்ல, வெளிர் பழுப்பு.

இதிலும் இசட் வந்து நிற்கிறது. மஞ்சள் கால், வெள்ளைக் கால் கோழிகளின் இசட்டில் தோலின் கறுப்பை அடக்கும் மரபணு ஒன்று உண்டு. கருங்கோழிச் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் அப்பனைப்போல் கருத்து வளரும், மகன்களின் கொண்டை சிவக்கும், கால் வெளிறும். சில்க்கியில் இதை மரபியலாளர் பேட்சனும் பன்னெட்டும் 1911-இலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே கருங்கோழி வாங்கும்போது பெட்டைகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவற்றின் உடன்பிறந்த சேவல்களைக் காட்டச் சொல்லுங்கள். சேவல்களின் கொண்டை சிவந்து, கால் வெளிறி இருந்தால், தாய் கடக்நாத் அல்ல.