மூடிய ஆலையைத் தொழிலாளர்களே வாங்கலாம்: இத்தாலியின் மார்கோரா சட்டம்

முதலாளி கையை விரித்துவிட்டார். வாயிற்கதவில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே இயந்திரங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. பழைய வாடிக்கையாளர்கள் சரக்கு எப்போது வரும் என்று கேட்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் மட்டும் தெருவில் நிற்கிறார்கள். இப்படி நிற்கும் தொழிலாளர்களுக்காக இத்தாலி 1985 பிப்ரவரியில் 49ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அந்த யோசனையைக் கொண்டுவந்த தொழில்துறை அமைச்சர் ஜொவான்னி மார்கோரா, சட்டம் நிறைவேறும் முன்பே 1983இல் இறந்துவிட்டார். ஆனாலும் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வேலை போனவருக்கு அரசு எப்படியும் உதவித்தொகை தரத்தான் போகிறது. இன்று ‘நாஸ்பி’ எனப்படும் அந்தத் தொகை, வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து அதிகபட்சம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். மாதாமாதம் வாங்கினால் அது வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் கரைந்துபோகும். அதையே முன்கூட்டிப் பெற்று, சக தொழிலாளர்களோடு தொடங்கும் கூட்டுறவில் பங்காகப் போடலாம். அப்படிப் போட்டால் அதற்கு வருமான வரியும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பேர் ஆளுக்கு 15,000 யூரோ போட்டால் 4,50,000 யூரோ சேரும். ஆலையை எடுத்து நடத்த இது போதாதுதான். மீதிக்குக் கைகொடுக்க 1986இல் சி.எஃப்.ஐ. என்ற நிதி நிறுவனம் உருவானது. தொழிற்சங்கங்களும் கூட்டுறவு இயக்கமும் சேர்ந்து அமைத்தது இது. அரசுப் பணமும் இதில் உண்டு. தொழிலாளர்கள் போட்ட மூலதனத்தைப்போல் மூன்று மடங்கு வரை தரலாம் என்று முதல் சட்டம் சொன்னது. ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்ததால், 2001இல் விதிகள் திருத்தப்பட்டு அந்த விகிதம் குறைந்தது.

பணம் கேட்டவுடன் கிடைத்துவிடாது. தொழில் திட்டத்தை அலசிப் பார்த்த பிறகே சி.எஃப்.ஐ. பங்கு சேரும், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் விலகிக்கொள்ளும். இந்தக் கண்டிப்பு அவசியம் என்றே நான் நினைக்கிறேன். கடனாலோ வாரிசு இல்லாமலோ மூடிய ஆலையை மீட்கலாம். பொருளுக்கே சந்தை போய்விட்ட ஆலையில் போட்டால், குடும்பத்தின் கடைசிப் பிடிமானமும் சேர்ந்து போய்விடும்.

நிறுவனம் திவாலாகி ஏலத்துக்கோ குத்தகைக்கோ வந்தால், அங்கே வேலை செய்தவர்களின் கூட்டுறவுக்கு முன்னுரிமை உண்டு. 2013இல் வந்த இந்த விதி பெரிய பலம்.

உள்ளே நிர்வாகம் எப்படி? பங்கு எவ்வளவு இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். லாபத்தில் 30 சதவீதம் சட்டப்படி காப்பு நிதிக்கும், 3 சதவீதம் புதிய கூட்டுறவுகளை வளர்க்கும் பொது நிதிக்கும் போக வேண்டும். காப்பு நிதியை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. சங்கம் கலைந்தால் அதுவும் பொது நிதிக்கே சேரும். இந்த விதிதான் என்னை மிகவும் கவர்கிறது: நல்ல விலை வந்தது என்று விற்றுப் பிரித்துக்கொள்ள இடமில்லாததால், அடுத்த தலைமுறைத் தொழிலாளிக்கும் ஆலை மிஞ்சுகிறது.

உதவித்தொகையை முன்கூட்டிப் பெற்றவர் அந்தத் தொகைக்குரிய காலம் முடியுமுன் வேறிடத்தில் சம்பள வேலைக்குச் சேர்ந்தால், பொதுவாக முழுவதையும் திருப்பித் தர வேண்டும். தான் பங்கு போட்ட கூட்டுறவிலேயே சேர்ந்தால் இந்த நிபந்தனை இல்லை. கூட்டுறவில் பங்கெடுத்த 30 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான இன்ப்ஸுக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.