பார்டர் சுகரும் பார்க் பெஞ்சும்

தி.நகர் நடேசன் பூங்காவில் காலை நடை முடிந்து பெஞ்சில் உட்காரும் பெரியவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சிலர் பேச்சுவாக்கில் எழுந்துவிடுவார்கள். சிலர் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒரு உந்து உந்தித்தான் எழுவார்கள். "வயசாச்சு இல்ல!" வயசுதான், ஆனால் வயசு மட்டும் இல்லை. சுகருக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இன்சுலின் கதவைத் திறந்துவிட்டதும் ரத்தத்திலிருந்து குளுக்கோஸைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது எலும்புத் தசைகள். அதே இன்சுலின், தசைப் புரதம் கரையாமலும் காக்கிறது. அதன் பேச்சைத் தசை கேட்காமல் போனால் இரட்டை நஷ்டம்: ரத்தத்தில் சர்க்கரை தேங்கும், தசையும் கரையும். தசை கரைந்தால் சர்க்கரையைப் போட்டு வைக்க இடம் குறையும், சுகர் இன்னும் ஏறும். சுகர் வந்து பல வருடமானவர்களுக்குக் கால் பருமன் அப்படியே இருந்தும் பலம் மட்டும் குறைந்திருப்பதுண்டு. தசைக்குள் கொழுப்பு சேர்வதும் அதற்கு ஒரு காரணம்.

அப்புறம் நரம்பு. நாள்பட்ட சுகர் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யலாம். நடக்கும்போது காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பாதம் தரையை உணராவிட்டால் உடம்பு எப்படிச் சமநிலை பிடிக்கும்?

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் 'பார்டர்' என்கிறார்கள். சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான, சுகர் பற்றிய இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி, நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்தப் பார்டரில் நிற்கிறார்கள். இன்சுலின் பேச்சைக் கேட்காத தசையின் பிடிவாதம் இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் பார்டர் ஒருவழிப் பாதை இல்லை. இங்கிருந்து நார்மலுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. அதற்காக, ஏற்கெனவே சுகர் மாத்திரையோ ஊசியோ எடுக்கும் முதியவருக்கு சுகர் அளவை அடித்து இறக்குவதும் தப்பு. சுகர் இறங்கி மயக்கம் வந்து விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

சுருங்கி விரியும் தசைக்கு இன்சுலின் தயவுகூட வேண்டாம். குளுக்கோஸைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நடை நல்லது. ஆனால் நடை மட்டும் போதாது, தொடைக்கும் வேலை வேண்டும் என்பது என் கட்சி.

தொடையின் பலத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை நலிவாக இருக்கலாம் என்று ஆசிய நிபுணர் குழு 2019-ல் வரையறுத்தது. அம்மாவைச் செய்யச் சொன்னேன். மூன்றாவது முறையிலேயே கட்டியிருந்த கை அவிழ்ந்து நாற்காலிப் பிடியைத் தேடியது. "முட்டி வலிடா" என்றாள். மேஜையில் கிடந்த ரிப்போர்ட்டில் 6.1.