லோகோவை எடுத்த பிறகும் கோப்பில் மிஞ்சுவது

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி சென்ற மாதம் ஒரு கேள்வி எழுதியனுப்பியிருந்தார். ஒகேனக்கல் பரிசலை வைத்து ஒரு சிறிய கணினி விளையாட்டைத் தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறார். சுழித்தோடும் நீரில், பாறைகளுக்கு நடுவே, ஒற்றைத் துடுப்பால் பரிசலைத் திருப்பித் திருப்பிக் கரை சேர்க்க வேண்டும். அவர் எழுதியது இது: "ஐயா, ஆட்டத்தைத் திறந்ததும் எஞ்சினுடைய லோகோ வருகிறது. அதை எடுத்துவிட்டால் கேஸ் போடுவார்களா? பணம் கட்டினால்தான் எடுக்கலாம் என்கிறார் ஓர் அண்ணன். கோடோ எஞ்சினுக்கு நிபந்தனை எதுவுமே கிடையாது என்கிறாள் என் தோழி. யார் சொல்வது சரி?"

அண்ணன் சொன்னது யூனிட்டி என்ற வேறோர் எஞ்சினுக்கு, அதுவும் அதன் பழைய பதிப்புகளுக்கு மட்டுமே சரி. தோழி சொன்னதில் லோகோவைப் பற்றிய பாதி சரி. "நிபந்தனை எதுவுமே கிடையாது" என்ற மீதிப் பாதி தவறு. அந்தத் தவறு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் விளையாட்டுக் கோப்பைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும்.

எஞ்சின் என்றால் என்ன என்பதை விரைவாகக் கடந்துவிடலாம். திரையில் வினாடிக்கு 60 முறை படம் வரைவது, பரிசல் பாறையில் மோதியதா என்று கணக்கிடுவது, விரல் தொட்ட இடத்தை அறிவது, நீரின் இரைச்சலை ஒலிக்கச் செய்வது ஆகிய வேலைகள் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானவை. அவற்றை ஒருமுறை எழுதித் தொகுத்து வைத்ததே எஞ்சின். ஒரு காலத்தில் நல்ல எஞ்சினுக்கான உரிமம் லட்சக்கணக்கான டாலர் விலை போனது. 2000களின் தொடக்கத்தில் டார்க் என்ற எஞ்சின் தனியாட்களுக்கு 100 டாலருக்குக் கிடைத்தபோது அது பெரிய செய்தி. அதன் வழிவந்த டார்க் 3டி 2012இல் மூலநிரலோடு இலவசமாகவே வெளியிடப்பட்டது.

இனி முக்கியமான இடம். எஞ்சினை ஒரு கருவி என்று நினைப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது. தையல்காரர் சட்டை தைத்துக் கொடுத்தால், சட்டை நம் வீட்டுக்கு வருகிறது, தையல் இயந்திரம் கடையிலேயே இருக்கிறது. எந்த இயந்திரத்தில் தைத்தார் என்று சட்டையில் எழுதும்படி யாரும் கேட்பதில்லை. விளையாட்டு எஞ்சின் அப்படியல்ல. ஒவ்வொரு சட்டைக்குள்ளும் தையல் இயந்திரத்தையே மடித்து வைத்து அனுப்புவதைப் போல, ஒவ்வொரு விளையாட்டோடும் எஞ்சினின் ஓடும் பகுதி முழுவதும் வாங்குபவர் வீட்டுக்குப் போகிறது. அதாவது, அந்த மாணவி தம் விளையாட்டை ஒருவருக்குக் கொடுக்கும்போதெல்லாம் பிறர் எழுதிய நிரலின் ஒரு பிரதியையும் சேர்த்தே கொடுக்கிறார். உரிமம் என்ற பேச்சு வருவதற்கான காரணம் அந்தப் பிரதிதான்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. யூனிட்டியில் செய்த ஆண்ட்ராய்டு விளையாட்டு ஒன்றின் ஏபிகே கோப்பை, அதாவது ஃபோனில் நிறுவப்படும் கோப்பைக் கணினிக்குக் கொண்டுவந்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால், லிப் என்ற அடைவுக்குள் லிப்யூனிட்டி என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பு உட்கார்ந்திருக்கும். அதுதான் எஞ்சின். சிறிய விளையாட்டுகளில் அதைச் செய்தவர் சொந்தமாக எழுதிய நிரல் அதன் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படும் அளவுக்குச் சிறியதாக இருப்பதுண்டு.

எனக்கு இதைவிடப் பிடித்தது கோடோவின் முறை. விண்டோஸுக்காக விளையாட்டை ஏற்றுமதி செய்தால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று, முன்பே தொகுத்து வைக்கப்பட்ட எஞ்சின். எல்லோருக்கும் அதே கோப்புதான், ஐகானும் பெயரும் மட்டுமே மாறும். மற்றொன்று, பிசிகே என்ற பின்னொட்டுடன் வரும் பொட்டலம்; பரிசலின் படம், நீரின் ஓசை, மாணவி எழுதிய கட்டளைகள் எல்லாம் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பொட்டலத்தை, கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் திறந்து பாருங்கள். முதல் நான்கு பைட்டுகள் 47 44 50 43 என்று இருக்கும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் இவை ஜி, டி, பி, சி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். எஞ்சின் பொட்டலத்தைத் திறந்ததும் முதலில் தேடுவது இந்த நான்கு எழுத்துகளைத்தான். அவை இல்லையென்றால் இது தன் பொட்டலமல்ல என்று விலகிவிடும். அடுத்த நான்கு பைட்டுகள் பொட்டலத்தின் அமைப்பு எண்ணையும், அதற்கடுத்த பன்னிரண்டு பைட்டுகள் எந்தப் பதிப்பு எஞ்சினால் கட்டப்பட்டது என்பதையும் சொல்லும். 4.2 பதிப்பு என்றால் 04 00 00 00, பிறகு 02 00 00 00 என்று இருப்பதைக் கண்ணாலேயே வாசிக்கலாம்.

இரண்டு கோப்புகளையும் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாகவும் தரலாம். அப்போது எஞ்சின் தன் சொந்தக் கோப்பையே திறந்து பொட்டலத்தைத் தேடுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று வேடிக்கையானது: நேராகக் கோப்பின் வாலுக்குப் போய்க் கடைசி நான்கு பைட்டுகளைப் பார்க்கும். அங்கும் அதே 47 44 50 43 இருந்தால், அதற்கு முந்தைய எட்டு பைட்டுகளில் பொட்டலத்தின் நீளம் எழுதப்பட்டிருக்கும். அந்த நீளத்துக்குப் பின்னோக்கி நடந்தால் பொட்டலத்தின் வாசல் வந்துவிடும். தன் முதுகில் ஒட்டப்பட்ட சீட்டைத் தானே திரும்பிப் படித்து வேலையைத் தொடங்கும் ஒரு நிரலை முதன்முதலாகப் பார்த்த அன்று, நான் இரவுச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

திறந்ததும் தோன்றும் லோகோவும் இதே போன்ற ஒரு சங்கதிதான். கோடோவின் மூலநிரலில் லோகோ ஒரு படக்கோப்பாக இருக்கிறது; எஞ்சினைத் தொகுக்கும்போது அந்தப் படம் எண்களின் நீண்ட வரிசையாக மாற்றப்பட்டு நிரலுக்குள்ளேயே பதிக்கப்படுகிறது. திட்ட அமைப்புகளில் நீங்கள் வேறொரு படத்தைக் காட்டச் சொன்னால் எஞ்சின் அதைக் காட்டும். சொல்லாவிட்டால் கையிலிருக்கும் தன் படத்தைக் காட்டும். அவ்வளவுதான். யூனிட்டியில், விளையாட்டைச் செய்ய உதவும் எடிட்டர் உங்கள் உரிம நிலையைப் பார்த்து, லோகோ வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பைத் தரவுக் கோப்பில் எழுதிவிடும். வாங்குபவரின் ஃபோனில் ஓடும் எஞ்சின் அந்தக் குறிப்பின்படி நடக்கும். அந்தக் குறிப்பைத் திருத்த முடியும் என்பது வேறு, திருத்த அனுமதி இருக்கிறது என்பது வேறு. பூட்டு லேசானது என்பதால் வீடு நம்முடையதாகிவிடுவதில்லை.

சரி, மாணவி லோகோவை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் போய்விட்டதா? இல்லை, முழுமையாக உள்ளேயே இருக்கிறது. ஆகவே அதன் உரிமமும் இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் வரையறைக்குள்ளேயே கணினி நிரல்களும் வருகின்றன. பிறர் இலக்கியத்தைப் பிரதியெடுத்து விநியோகிக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதிதான் உரிமம்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் தொடங்கிய கோடோ, 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் பொதுவில் வந்தது. மிகச் சிறிய உரிமம் அது, ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். விற்கலாம், மாற்றலாம், பங்கு எதுவும் தர வேண்டாம். ஆனால் நிரலின் பிரதி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பதிப்புரிமை அறிவிப்பும் அந்த உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். தோழி தவறவிட்ட நிபந்தனை இதுதான். உரிமம் லோகோவைக் கேட்கவில்லை, எழுத்தைத்தான் கேட்கிறது. நிறைவேற்றுவதும் எளிது: நன்றியுரைப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் வாசகம் தெரியும்படி செய்தால் போதும். அந்த வாசகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேட்டால் எடுத்துத் தரும் கட்டளை எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

எஞ்சினுக்குள் எஞ்சின்களும் உண்டு. 'பென்னாகரம்' என்று விளையாட்டின் முகப்பில் எழுதியிருக்கிறார் மாணவி. கணினியின் நினைவகத்தில் 'ப' முதலிலும் எகரக் கொம்பு அதற்குப் பின்னும்தான் இருக்கின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிளந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். கோடோ 3 பதிப்புகள் எழுத்துகளை நினைவகத்தில் இருந்த வரிசையிலேயே வரைந்ததால் தமிழ் சிதைந்து தெரிந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் எழுத்துகளை உரிய இடத்தில் அடுக்கும் ஹர்ஃப்பஸ் என்ற ஆயத்த நிரல் நூலகம் சேர்க்கப்பட்ட பிறகே கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அதன் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. 'ஹர்ஃப்' என்றால் எழுத்து என்று கிருஷ்ணகிரியில் உருது பேசும் எவரும் சொல்வார். அந்த நூலகத்துக்கும் தனி உரிம வாசகம் உண்டு, எழுத்துருக்களைத் தீட்டும் ஃப்ரீடைப்புக்கும் உண்டு. அவையும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும். தமிழ் வளர்ச்சிக்கென்று மேடையும் பந்தலும் போடும் செலவில் ஒரு சிறு பங்கு இத்தகைய நூலகங்களுக்குப் போனால், அதன் பயன் ஒவ்வொரு ஃபோன் திரையிலும் தெரியும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மற்ற எஞ்சின்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அன்ரியல் எஞ்சினில் செய்த விளையாட்டு மொத்தம் 10 லட்சம் டாலர் ஈட்டும்வரை கட்டணமில்லை, அதற்கு மேல் வரும் வருவாயில் பொதுவாக 5 சதவீதம். நன்றியுரையில் அவர்கள் தந்த வாசகத்தைச் சேர்க்க வேண்டும், ஆனால் லோகோவைக் காட்ட விரும்பினால் அதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும். லோகோ வணிகக்குறி என்பதால், காட்டியே தீர வேண்டும் என்று ஒருவர் சொல்வதும், கேட்காமல் காட்டாதே என்று இன்னொருவர் சொல்வதும் அவரவர் உரிமை. கேம்மேக்கர் 2023 நவம்பர் முதல் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். விற்க வேண்டுமானால் ஒருமுறைக் கட்டணம் 99.99 டாலர். ஒலிக்காக எஃப்மாட் என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்தால் அதற்கும் பெயரும் லோகோவும் காட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

யூனிட்டியின் கதை கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. இலவசப் பதிப்பில் லோகோ கட்டாயமாகவும், பணம் கட்டியவர்களுக்கு விருப்பமாகவும் பல ஆண்டுகள் இருந்தது. மேலுக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் புள்ளியியல் கண்ணோடு பாருங்கள். 100 விளையாட்டுகளில் 20 நல்ல முதலீட்டுடன் செய்யப்பட்டவை, 80 கற்றுக்குட்டிகள் செய்தவை என்று கொள்வோம். அந்த 20 பேரில் பெரும்பாலோர் பணம் கட்டி லோகோவை நீக்கிவிட்டால், ஆடுபவர் கண்ணில் லோகோ படுவதெல்லாம் பெரும்பாலும் அந்த 80இல்தான். போக்கிமான் கோ யூனிட்டியில் செய்யப்பட்டது என்பது அதை ஆடியபடி தெருத்தெருவாக நடந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'அந்த லோகோ வந்தால் ஆட்டம் சுமார்தான்' என்ற எண்ணம் ஆடுபவர்களிடையே பரவியதற்கு எஞ்சினின் தரம் காரணமல்ல. எதைப் பார்க்க அனுமதிக்கப்பட்டோம் என்பதே காரணம். பூனை குறுக்கே போய்க் காரியம் கெட்ட நாள்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மூடநம்பிக்கையும் இதே கணக்குப் பிழையில் பிறந்ததுதான். என் தங்கையின் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில், விலை கொடுக்காத ஏதோ ஒரு மென்பொருளின் வாட்டர்மார்க் மாப்பிள்ளையின் நெற்றியில் நாமம்போல் ஓடியது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் இன்றும் யாரும் நல்லவிதமாகச் சொல்வதில்லை. அது நல்ல மென்பொருளாகவே இருந்திருக்கலாம்.

2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில் அதை முழுதாகக் கைவிட்டது. 2024 அக்டோபரில் வந்த யூனிட்டி 6 முதல் இலவசப் பதிப்பிலும் லோகோ கட்டாயமில்லை. ஆண்டு வருவாயும் நிதியும் சேர்ந்து 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் அந்தப் பதிப்பே போதும். பழைய பதிப்பில் செய்பவர்களுக்குப் பழைய கட்டாயம் தொடர்கிறது. அண்ணன் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறார் போலும். நிபந்தனைகள் இப்படி மாறக்கூடியவை என்பதால், வேலையைத் தொடங்கும் நாளில் உள்ள உரிம வாசகத்தைத் தேதியோடு சேமித்து வைக்கும்படி மாணவிக்கு எழுதினேன்.

பதில் கிடைத்தது, கூடவே ஒரு படமும். முகப்பில் இப்போது அவரே வரைந்த பரிசல் சுழல்கிறது; உரிமப் பொத்தான் கீழ் மூலையில் இருக்கிறது. ஆனால் பரிசல் துறையின் சீட்டுக் கவுன்டர் மேல் தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்தை அச்சு அசலாக வரைந்திருந்தார். எஞ்சின்காரர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அரசுச் சின்னங்களை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அவரோ விளையாட்டை விற்கப்போகிறார். அந்தப் பலகையில் கோபுரத்துக்குப் பதிலாக ஒரு கெண்டை மீனை வரைந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.