அந்தக் கடிதத்தை எடுத்துவிடுங்கள்

நாவல் பிரதிகளை எடிட் செய்வது என் வேலை. ஒரே உரையாடல் இந்த வருடத்தில் நாலாவது முறையாக நடந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்த பிரதி இது. (எழுதியவரின் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி சொல்கிறேன்.) இறந்துபோன அப்பாவின் அலமாரியில் இளைய மகளுக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது. எழுதியது யார் என்பது மர்மம். ஆனால் நூறு பக்கம் தாண்டுவதற்குள் நாவல் அக்கா தங்கைச் சண்டையாக மாறிவிட்டது. அபாரமான சண்டை, கீழே வைக்க முடியவில்லை. கடிதம் மட்டும் நாலு அத்தியாயத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் மர்மம் தீர்ந்துவிடும். மகள் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக அம்மாவுக்குக் காய்ச்சல் வருகிறது, பிறகு எழுதியவர் அவளை வெளியூர் அனுப்புகிறார், கடைசியில் அவளுக்குக் காதே கேட்காமல் போகிறது.

எடுத்துவிடலாமே என்றேன். “அதிலிருந்துதானே நாவலே பிறந்தது!” என்றார்.

இந்தப் பதில்தான் என்னைச் சோர வைக்கிறது. முதலில் தோன்றியது என்பதாலேயே ஒரு யோசனை கதைக்குள் நிரந்தரமாக இருக்க வேண்டுமா? உங்களை எழுத உட்கார வைத்ததே, அதோடு அதன் வேலை முடிந்திருக்கலாம். கட்டடம் எழுப்பக் கட்டிய சாரத்தை அஸ்திவாரம் என்று நினைத்துக்கொண்டு பிரிக்க மறுக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957இல் பதிப்பகத்துக்குக் கொடுத்த பிரதியில் நாயகி வளர்ந்த பெண். ஊர் திரும்பி அப்பாவோடு முரண்படுகிறாள். அதில் வரும் சிறுவயது நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று எடிட்டர் டே ஹோஹோஃப் கண்டார். லீ இரண்டு வருடத்துக்கு மேல் திருத்தித் திருத்தி எழுதினார். 1960இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ அந்தக் குழந்தைப் பருவத்தின் கதை. நாவல் பிறந்த இடமான அந்த ஊர் திரும்புதல் அதில் இல்லவே இல்லை.

“ஆறு மாத உழைப்பு” என்பார்கள். சரி, ஆனால் வாசகருக்கு அந்த ஆறு மாதம் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்தப் பக்கம் மட்டும்தான்.

ஒரு யோசனையைக் காப்பாற்றப் பாத்திரங்கள் புத்தி கெட்டு நடக்க வேண்டியிருந்தால் அது எடுபடவில்லை. அதை விளக்குவதற்கென்றே காட்சி சேர்க்கிறீர்களா? அதே நோய்தான். மறுவாசிப்பில் எந்தப் பக்கங்களை நீங்களே தாண்டிப் போகிறீர்கள் என்று பாருங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

பிரதியை நகல் எடுங்கள். நகலில் அந்த இழையை முழுசாக உருவுங்கள், பாதி உருவிப் பாதி விடாதீர்கள். பத்து நாள் தொடாமல் இருந்துவிட்டுப் படியுங்கள். எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது? பெரும்பாலும் இரண்டு மூன்று வாக்கியத்தில் அடைத்துவிடலாம். நீக்கியதைத் தனி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் எரிக்கச் சொல்லவில்லை. ஆனால் முதல் வரைவின் நடுவில் தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். அலுப்பில் நல்லதும் மோசமாகத் தெரியும். முடித்துவிட்டு முடிவெடுங்கள்.

அவர் கடிதம் இல்லாத பிரதியை நேற்று அனுப்பியிருக்கிறார். அக்கா கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைக்காமல் வாசலில் நிற்கிறாள், தங்கை வழிவிடவில்லை. உள்ளேயிருந்து அம்மா “யாரு?” என்று கேட்கிறாள்.