தண்ணீர்மலை அடிவாரத்தில் 41 நாள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 17 ஆண்டு வேலை பார்த்தவர் அவர். ஆட்குறைப்பில் வேலை போனது. மறுநாள் காலையும் வழக்கம்போல் சீருடை போட்டு, மனைவி கட்டிக் கொடுத்த சோற்றோடு கிளம்பி, தண்ணீர்மலை அடிவாரத்தில் காரை நிறுத்தி மாலை வரை உட்கார்ந்திருந்தார். அப்படியே 41 நாள். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கமில்லை என்று கிளினிக் போனவரை மருத்துவர் என்னிடம் அனுப்பினார்.

“வீட்டுல சொன்னா அவ உடைஞ்சிடுவா மேடம்.”

பினாங்கில் மனநல ஆலோசகராக இதை அடிக்கடி கேட்கிறேன், பெரும்பாலும் ஆண்களிடம். வாய் திறக்காமல் தாங்கிக்கொள்பவரைத்தான் நாம் திடமானவர் என்கிறோம். எனக்கென்னவோ அவர்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது.

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை எனப் பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தவற்றில் ஒன்று, சாய்ந்துகொள்ள ஓர் ஆளாவது இருந்தது. பாட்டியோ, அக்கம்பக்கத்தாரோ, ஆசிரியரோ.

சரி, நம் ஆளுக்கு வருவோம். என் அறையில் வைத்துத்தான் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா உடையவில்லை. நன்றாகத் திட்டினார். அப்புறம் விரல்விட்டு எண்ணி, “இன்னும் 19 நாள் இருக்குங்க” என்றார். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை காப்புறுதிக்கு, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தன் அண்ணன் ஒருமுறை இதற்காக அலைந்ததில் அந்த அம்மா தெரிந்து வைத்திருந்தார். சந்தா நிபந்தனை பொருந்தினால் ஆறு மாதம் வரை உதவித்தொகை உண்டு. முதல் மாதம் கணக்கிடப்படும் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. தானாக வேலையை விட்டவருக்குக் கிடைக்காது. ஆட்குறைப்பு நேரத்தில் யாராவது ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

விளக்குக் கம்பத்தில் பார்த்த ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) நம்பரைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தார் மனிதர். அதை அழிக்கச் சொல்லி, அவரை ஏகேபிகே-க்கு அனுப்பினேன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அமைப்பு; கடன் ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

மனம் ரொம்பவும் இருண்டுபோனால் சுகாதார அமைச்சின் உதவி எண் 15555 இருக்கிறது. தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமில்லை. சொன்னால் போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம்.

இப்போது அவருக்குப் பிறையில் வேலை. சம்பளம் குறைவு. விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வருவது இன்னும் நிற்கவில்லை. முன்பு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாராம். இப்போது மனைவியை எழுப்பிவிடுகிறார்.

“எனக்குத்தான் மேடம் தூக்கம் போச்சு” என்று போன வாரம் அந்த அம்மா புகார் சொன்னார்.